பாதியில் நின்ற கை

போன ஜூலையில் ஒரு மத்தியானம். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து, பாய் விரிப்பதற்கு முன்னால் கிடைக்கும் கால் மணி நேரம். என் எதிரே கவின் நிற்கிறான் (பெயரை மாற்றியிருக்கிறேன்). நாலு வயது முடிந்து இரண்டு மாதம். "தலையைத் தொடுன்னு மிஸ் சொன்னா நீ காலைத் தொடணும். காலைத் தொடுன்னு சொன்னா தலையைத் தொடணும். புரிஞ்சுதா சாமி?" என்றேன். பெரிதாகத் தலையாட்டினான்.

"தலையைத் தொடு."

வலது கை சர்ரென்று மேலே போனது. காது உயரம் வந்ததும் நின்றுவிட்டது. ஐந்து விரலும் விரிந்தபடி அந்தரத்தில். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் கையை மெதுவாக இறக்கி, குனிந்து, கால் கட்டைவிரலைத் தொட்டான். நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் சூழ்ந்த ஒரு பகுதியில் 16 வருஷமாக நர்சரிப் பிள்ளைகளுக்கு டீச்சராக இருக்கிறேன். அதில் முதல் 10 வருஷம் இப்படி ஒரு கையை நான் கவனித்ததே இல்லை. கண்ணில் பட்டிருந்தாலும் "தப்பு, மறுபடி செய்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

இந்த விளையாட்டு நான் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மேகன் மெக்லெலண்டும் அவரோடு வேலை செய்தவர்களும் உருவாக்கிய ஒரு சோதனை. தலை, கால் விரல், முழங்கால், தோள் என்று நான்கையும் வைத்துப் படிப்படியாகக் கடினமாகிக்கொண்டே போகும். சொன்னதற்கு எதிரானதை உடனே சரியாகச் செய்தால் 2 மதிப்பெண். தப்பாகச் செய்தால் 0. தப்பாகத் தொடங்கி, தானே நிறுத்தி, தானே திருத்திக்கொண்டால் 1.

அந்த 1-ஐப் பற்றிப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தப்பு செய்துகொண்டிருக்கும்போதே தன்னைப் பிடித்து நிறுத்துகிற குழந்தைக்கு மதிப்பெண் தர வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். நான் இத்தனை வருஷமாக நிரப்பிய ரிப்போர்ட் கார்டுகளில் அப்படி ஒரு கட்டமே கிடையாது.

அந்த ஒரு வினாடிக்குள் மூன்று வேலை நடக்கிறது. நான் சொன்ன தலைகீழ் விதியை மனசில் பிடித்து வைத்திருக்க வேண்டும். பழக்கத்தில் தலைக்குப் போகிற கையை நிறுத்த வேண்டும். நிறுத்திய கையை வேறு பக்கம் திருப்ப வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் இதை 'செல்ஃப் ரெகுலேஷன்' என்ற பெரிய குடையின் கீழ் வைக்கிறார்கள். தமிழில் சுயக்கட்டுப்பாடு என்று எழுதிவிடலாம். எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஆசையை அடக்குவது போலத் தொனிக்கிறது. கவின் எதையும் அடக்கவில்லையே, போகிற வண்டியைத் திருப்பினான், அவ்வளவுதான். தன்னொழுங்கு என்று சொல்லிப் பார்க்கிறேன்.

மெக்லெலண்டும் மற்றவர்களும் 2013-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 430 குழந்தைகள். நாலு வயதில் எடுத்த வேலையில் கவனமாக நின்று முடிக்கிறது என்று பெற்றோர் சொன்ன பிள்ளைகள், பின்னால் 25 வயதுக்குள் கல்லூரிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. எழுத்தும் எண்ணும் வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கிரெக் டங்கன் குழுவினர் 2007-ல் ஆறு நீண்டகால ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பள்ளியில் சேரும் நேரத்தில் தெரிந்த கணக்குதான் பிற்காலப் படிப்பை மிக நன்றாக முன்கூட்டிக் காட்டியது. அதற்கடுத்து வாசிப்பு, அதற்கடுத்து கவனம். ஆனால் 'எண் தெரியும்' என்பதும் 'எண்ணத் தெரியும்' என்பதும் ஒன்றல்ல. 12 புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகத் தொட்டு, தொட்டதை மறுபடி தொடாமல் எண்ணி முடிக்கிற பிள்ளையின் விரலைப் பாருங்கள். அங்கேயும் அதே நிறுத்தலும் அதே பிடித்து வைத்தலும்தான்.

அட்மிஷன் சமயத்தில் பெற்றோர் என்னிடம் முதலில் சொல்வது இப்படி இருக்கும்: "ஏ பி சி டி முழுசா எழுதறானுங்க மிஸ். ஒண்ணுல இருந்து அம்பது வரைக்கும் சொல்லுவானுங்க." பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் தயார் என்பதற்கு அவர்கள் கையில் இருக்கும் அத்தாட்சி அது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பள்ளிக்கூடங்கள் அப்படிக் கேட்டுத்தான் பழக்கியிருக்கின்றன. 2000-ல் வெளிவந்த ஓர் அமெரிக்கக் கணக்கெடுப்பில் சுமார் 3,600 கிண்டர்கார்டன் டீச்சர்களிடம், புதிதாக வரும் பிள்ளைகளுக்கு எது சிரமமாக இருக்கிறது என்று கேட்டார்கள். அதிகம் பேர் குறிப்பிட்டது, சொன்னதைக் கேட்டு அதன்படி செய்வதில் உள்ள சிரமம். வகுப்பில் பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ இந்தச் சிரமம் இருக்கிறது என்று 46 சதவீத டீச்சர்கள் சொன்னார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகளின் டீச்சரும் திருப்பூர் டீச்சரும் ஒரே இடத்தில்தான் தொண்டை வறள நிற்கிறோம்.

சொன்னதைக் கேட்பது என்றால் என்ன என்பதில்தான் நான் ரொம்ப வருஷம் தவறிப்போனேன். "கை கட்டு, வாய் பொத்து." ஒரு சொல்லுக்கு 38 பிள்ளைகளும் சிலை மாதிரி உட்காருவார்கள். வராந்தாவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "உங்க கிளாஸ் மாதிரி வருமா" என்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். ஆபீஸ் ரூமில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தால், பென்சில் பறக்கும், ஆயாம்மா இரண்டு பேரைப் பிரித்துக்கொண்டிருப்பார், ஒரு மூலையில் ஒருவன் அழுவான். அந்த அமைதி பிள்ளைகளுடையதே இல்லை. என்னுடையது. நான் வெளியே போனபோது என்னோடு அதுவும் வெளியே வந்துவிட்டது.

இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த சோதனை மார்ஷ்மெல்லோ சோதனை. வியன்னாவில் பிறந்து, சிறு வயதில் நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா போன உளவியலாளர் வால்டர் மிஷல், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த பிங் நர்சரிப் பள்ளியில் 1960-களின் கடைசியில் தொடங்கியது. மேசையில் ஒரு மிட்டாய். பக்கத்தில் ஒரு மணி. "நான் வெளியே போய்விட்டு வருகிறேன். அதுவரை தின்னாமல் இருந்தால் இரண்டு கிடைக்கும். முடியவில்லை என்றால் மணியை அடி, வந்துவிடுவேன், ஆனால் ஒன்றுதான்." சில பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள், சில பேர் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள், சில பேர் பாட்டுப் பாடினார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு பார்த்தால், நெடுநேரம் காத்திருந்தவர்களுக்குப் பரீட்சை மதிப்பெண்ணும் அதிகம் என்று 1990-ல் எழுதினார்கள். அவ்வளவுதான், உலகம் பிடித்துக்கொண்டது. பொறுத்தவன் ஜெயிப்பான், பொறுக்காதவன் தோற்பான். பெற்றோர் கூட்டத்தில் நானே இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். சொன்னபோது பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சில அம்மாக்கள் தலையைக் குனிந்துகொண்டது இன்னும் நினைவிருக்கிறது.

2018-ல் டைலர் வாட்ஸ், கிரெக் டங்கன், ஹாவோனான் க்வான் மூவரும் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவை வைத்து இதை மறுபடி பார்த்தார்கள். மிஷலிடம் இருந்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பல்கலைக்கழகத்துக்காரர்களின் பிள்ளைகள். இவர்கள் முக்கியமாகப் பார்த்தது கல்லூரிப் பட்டம் பெறாத அம்மாக்களின் பிள்ளைகளை. காத்திருப்புக்கும் பிற்கால மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு முன்பு சொன்னதில் பாதிதான் இருந்தது. வீட்டுச் சூழலையும் குழந்தையின் ஆரம்பத் திறனையும் கணக்கில் சேர்த்ததும் அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது.

ஆனால் என் வகுப்பை மாற்றியது அதற்கு முந்தைய இன்னொரு ஆய்வு. 2013, அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகம், செலஸ்டி கிட். வீடில்லாத குடும்பங்கள் தங்கும் விடுதியில் தொண்டு செய்திருந்தவர் அவர். எப்போது எது பறிபோகும் என்று தெரியாமல் வாழும் ஒரு குழந்தை, கையில் இருக்கும் மிட்டாயை ஏன் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்ற கேள்வி அவருக்கு அங்கே வந்தது. 28 குழந்தைகளை எடுத்துக்கொண்டார். முதலில் படம் வரையும் வேலை. மேசையில் தேய்ந்துபோன கிரேயான் இருக்கிறது. "கொஞ்சம் பொறு, இதைவிட நல்லது கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே போகிறார். பாதிப் பிள்ளைகளுக்குத் தட்டு நிறையப் புதிய சாமான்களோடு திரும்பி வருகிறார். மீதிப் பாதிக்கு வெறுங்கையோடு வந்து, "மன்னிச்சுக்கோ, நம்மகிட்ட இல்லையாம்" என்கிறார். ஸ்டிக்கர் விஷயத்திலும் இதே கதை. அதற்கப்புறம்தான் மிட்டாய் சோதனை.

சொன்னது நடந்த பிள்ளைகள் சராசரியாக 12 நிமிஷம் காத்திருந்தார்கள். சொன்னது நடக்காத பிள்ளைகள் 3 நிமிஷம். முழு 15 நிமிஷமும் காத்திருந்தவர்கள் முதல் பக்கம் 14-க்கு 9 பேர், இந்தப் பக்கம் ஒரே ஒருவர். இரண்டு தடவை வாக்குத் தவறியதற்கே இப்படி. சின்ன ஆய்வுதான். ஆனாலும் படித்தபோது எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. ஏனென்றால் வாக்குத் தவறியதைப் படித்ததுமே கவினின் மணி ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் பள்ளியில் சாப்பாட்டு மணி ஒரு தண்டவாளத் துண்டு. அதை அடிப்பது என்றால் கவினுக்கு உயிர். ஜூன் கடைசியில் ஒரு நாள், வரிசையைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடியவனிடம், "இன்னைக்கு ஒழுங்கா நின்னா நாளைக்கு நீதான் மணி அடிப்பே" என்றேன். அன்றைக்கு நின்றான். அசையாமல் நின்றான். மறுநாள் நான் மறந்தே போனேன். யு.கே.ஜி. பையன் ஒருவன் அடித்துவிட்டான். கவின் அழவில்லை, கேட்கவும் இல்லை. அதற்கு அடுத்த நாள் வரிசையில் நிற்கச் சொன்னபோது என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு நேராகக் கைகழுவும் தொட்டிக்கு ஓடினான். டைரியில் "சொல் பேச்சு கேட்பதில்லை" என்று எழுதி அவன் அம்மாவிடம் கொடுத்தனுப்பினேன். எழுதியவள் நான்தான். தன் பேச்சைக் காப்பாற்றாதவளும் நான்தான்.

கேமரூனில் என்சோ மக்களின் பிள்ளைகளிடம் பெட்டினா லாம் குழுவினர் செய்த ஆய்வையும் சொல்ல வேண்டும், அது என் நினைப்பைக் கொஞ்சம் இடிக்கிறது. மிட்டாய்க்குப் பதிலாக அங்கே பஃப்-பஃப் என்னும் எண்ணெயில் பொரித்த பலகாரம். நாலு வயது என்சோ பிள்ளைகளில் 10-க்கு 7 பேர் கடைசிவரை காத்திருந்தார்கள். ஜெர்மன் பிள்ளைகளில் 10-க்கு 3 பேர்கூட இல்லை. என்சோ அம்மாக்கள் பெரியவர்களுக்கு அடங்கி நடப்பதைச் சின்ன வயதிலிருந்தே எதிர்பார்த்து வளர்க்கிறவர்கள். அப்படியானால் கை கட்டு, வாய் பொத்துதான் சரியா? நான் இதை ரொம்ப நாள் யோசித்தேன். பெரியவர் யாரும் பக்கத்தில் இல்லாதபோதும் அந்தப் பிள்ளைகள் காத்திருந்தார்கள், அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கண்டிப்பு எதிரி இல்லை. நேற்று ஒரு பேச்சு, இன்றைக்கு ஒரு பேச்சு என்று மாறும் கண்டிப்புதான் பிள்ளையைக் குலைக்கிறது என்று நினைக்கிறேன். என்னுடையது அந்த ரகமாக இருந்தது.

சரி, வகுப்பில் என்ன செய்தேன் என்பதற்கு வருகிறேன்.

குளம்-கரை விளையாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுண்ணாம்பில் ஒரு வட்டம். 'குளம்' என்றால் உள்ளே குதிக்க வேண்டும், 'கரை' என்றால் வெளியே. இரண்டு வாரம் அப்படியே ஆடினோம். மூன்றாவது வாரம் மாற்றினேன். 'குளம்' என்றால் வெளியே, 'கரை' என்றால் உள்ளே. முதல் நாள் ஒரே கலவரம், ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரிப்பு. நாலாம் நாள் குதிக்கப் போன கால்கள் விளிம்பில் நின்று யோசிக்க ஆரம்பித்தன. ஷானா டோமினியும் மெக்லெலண்டும் 2011-ல் எழுதிய ஆய்வில் 65 பிள்ளைகளோடு இந்த மாதிரி வட்ட விளையாட்டுகளைத்தான் 8 வாரம், 16 தடவை ஆடிப் பார்த்தார்கள். பாட்டு நின்றால் உறைந்து நிற்பது, வேகப் பாட்டுக்கு மெதுவாக ஆடுவது, நிறத்துக்கு அர்த்தத்தை மாற்றிவிடுவது. தொடக்கத்தில் ரொம்பப் பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்குத்தான் பலன் தெரிந்தது. நாம் பாட்டிக் காலத்திலிருந்து வைத்திருக்கும் சாமான் இது. அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

ஒரு விஷயம் இடையில். என் வகுப்பில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் ஏழு பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பெண் குழந்தை குளம்-கரையில் எப்போதும் தப்பாகவே குதித்தாள். ஆயாம்மா, "இது பேச்சே கேக்காது" என்றார். தமிழ்ச் சொல்லை விட்டுவிட்டு ஒரு தட்டு, இரண்டு தட்டு என்று கைதட்டலுக்கு மாற்றினேன். எல்லோரையும்விட அவள்தான் சரியாகக் குதித்தாள். மொழி புரியாததைப் பொறுமை இல்லாதது என்று எத்தனை பிள்ளைகள் மேல் எழுதியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

1940-களில் சோவியத் நாட்டில் மனுய்லென்கோ என்ற ஆராய்ச்சியாளர், ஆடாமல் அசையாமல் நில் என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தார். சும்மா நிற்கச் சொன்னால் கொஞ்ச நேரம்தான். "நீதான் காவல்காரன்" என்று வேஷம் கொடுத்தால் அதே பிள்ளை வெகுநேரம் நின்றது. விளையாட்டில் குழந்தை தன்னைவிட ஒரு தலை உயர்ந்து நிற்கிறது என்று சோவியத் உளவியலாளர் விகோத்ஸ்கி 1933-லேயே சொல்லியிருந்தார். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காவல்காரன் என்றால் யார்? கம்பெனி கேட் வாட்ச்மேன். கைகழுவும் வரிசையில் இப்போது தினமும் இரண்டு வாட்ச்மேன் நிற்பார்கள். பாஸ் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். பாஸ் என்பது ஒரு அட்டைத் துண்டு. அப்பாவைப் பார்த்துப் படித்த அந்த விறைப்பும், "ஐடி கார்டு எங்க?" என்ற அதட்டலும்! வரிசையைத் தள்ளுவது மூன்றே நாளில் நின்றுபோனது.

காதும் வாயும் என்று இன்னொன்று. எலினா பொத்ரோவாவும் டெபோரா லியாங்கும் விகோத்ஸ்கியின் கருத்துகளிலிருந்து உருவாக்கிய 'டூல்ஸ் ஆஃப் த மைண்ட்' என்ற பாடமுறையில் வருவது. இரண்டிரண்டு பேராகப் படப் புத்தகத்தோடு உட்கார வேண்டும். ஒருவர் கையில் வாய் படம், ஒருவர் கையில் காது படம். வாய் வைத்திருப்பவர் கதை சொல்வார். காது வைத்திருப்பவர் கேட்பார், பேசக் கூடாது. அப்புறம் மாற்றிக்கொள்வார்கள். வாயைப் பொத்து என்று நான் அதட்டிய காலத்தில் அடங்காத பிள்ளை, ஒரு காது படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வகுப்பு சத்தமாகத்தான் இருக்கும், 19 பேர் ஒரே நேரத்தில் கதை சொன்னால் வேறு எப்படி இருக்கும்?

இந்த முறையைப் பற்றி அடேல் டயமண்ட் 2007-ல் 'சயன்ஸ்' இதழில் எழுதியபோது பெரிய வரவேற்பு. ஏழைப் பிள்ளைகள் படித்த அமெரிக்க நகரப் பள்ளிகளில், இந்த முறையில் படித்தவர்கள் தன்னொழுங்குச் சோதனைகளில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பின்னால் டேல் ஃபாரனும் சாண்ட்ரா வில்சனும் பெரிய அளவில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. 2014-ல் கிளான்சி பிளேரும் சிபெல் ரேவரும் 29 பள்ளிகளில் செய்தபோது மறுபடி நல்ல பலன். என் அனுபவத்தை வைத்துச் சொன்னால், அட்டையும் படமும் வேலை செய்வதில்லை. அதை ஒவ்வொரு நாளும் அதே விதியோடு நடத்தும் ஆள் இருக்கிறாரா என்பதுதான் விஷயம்.

அந்த ஆளுக்கு நேரமும் வேண்டும். அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளை வைத்துச் செய்த சோதனையைப் பற்றி நம் ஊரில் இன்னும் நிறையப் பேச வேண்டும். ஒரே அம்மா சத்துமாவும் கொடுத்து, எடையும் பார்த்து, பதிவேடும் எழுதி, பாடமும் நடத்தும் இடத்தில், அந்த 320-ல் பாதி மையங்களில் முன்பருவக் கல்விக்கென்றே அரைநாள் வேலைக்கு இன்னொரு பணியாளரைச் சேர்த்தார்கள். கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. 18 மாதத்தில் அந்தப் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முன்னேறியிருந்தார்கள், ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்திருந்தது. ஓர் ஆள் கூடுதலாக வந்தார், அதுதான் அங்கே நடந்த மாற்றம். 38 பிள்ளைகளுக்கு ஒருத்தியாக நிற்கும்போது எனக்கு அந்த மையங்கள் ஞாபகம் வராத நாள் கிடையாது.

என் கரும்பலகையின் வலது மூலையில் இப்போது ஒரு கட்டம் இருக்கிறது. நான் பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கெல்லாம் அங்கே படமாக இருக்கும். மணி வரைந்தால் மணி, பசை டப்பா வரைந்தால் நாளைக்கு ஒட்டும் வேலை. செய்து முடித்த பிறகுதான் அழிப்பேன். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் காலையில் வந்ததும் அந்தக் கட்டத்தின் முன்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் பையை மாட்டுகிறார்கள்.

ஆகஸ்ட்டில் கவினின் அப்பா வந்திருந்தார். செக்கிங் செக்‌ஷனில் வேலை, பாதி நாள் ஓவர்டைம். "வீட்டுல எதுக்கும் பொறுக்கறதில்லீங்க மிஸ். கேட்டா கேட்ட நிமிஷமே வேணுங்கறான்" என்றார். டைரியில் நான் எழுதியதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போய், "ஐயோ, நீங்க எதுக்குங்க மிஸ்" என்றார். அப்புறம் மணிக் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை சம்பளம் வந்ததும் சைக்கிள் வாங்கித் தரேன்னு வாரா வாரம் சொல்லிப்போடறேனுங்க. சொன்னா அழுகைய நிறுத்தறான். அதுக்காகச் சொல்றதுதான்."

"முடியற ஒண்ணைச் சொல்லிப் பாருங்கண்ணா. சின்னதா இருந்தாலும் பரவால்ல" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "பரோட்டா வாங்கிக் கொடுக்கலாமுங்க. அது முடியும். சைக்கிள் தீபாவளி போனஸ் வந்தா பாத்துக்கலாம்னு நெசத்தச் சொல்லிடறேன்."

திங்கட்கிழமை காலையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கவின் என் மேசைக்கு ஓடிவந்தான்.

"மிஸ், அப்பா ரெண்டு பரோட்டா வாங்கியாந்தாரு. நான் தூங்காமயே இருந்தேன்."